இரண்டு சீட்டுகள்

சுவடிகளோடும் பழம்பதிப்புகளோடும் காலம் கழிப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுத்தைப் படிக்குமுன் எழுதிய கையைப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். நம்மிடம் தமிழ் பயின்று பின்னர் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த மாணவர், அங்குள்ள இயந்திரப் பராமரிப்புப் பதிவேட்டை ஒருமுறை நமக்குக் காட்டினார். முப்பது நாட்களின் குறிப்புகள் முழுவதும் ஒரே பேனா, ஒரே சாய்வு. கடைசி வாரத்துக்கு வரும்போது கை சோர்ந்திருந்ததும் தெரிந்தது. கேட்டோம். "மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதிவிடுவோம், ஐயா" என்றார் சாதாரணமாக.

பொய்யாக எழுதப்பட்ட ஏடு ஆபத்தானது என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் மெய்யாகவே எழுதப்பட்ட இரண்டு தாள்கள் ஒன்றையொன்று சந்திக்காமல் போனதால் 167 பேர் இறந்த வரலாறு ஒன்று உண்டு. நம்மைப் பெரிதும் தொந்தரவு செய்வது அதுதான்.

பைப்பர் ஆல்ஃபா என்பது ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில், வடகடலில் நின்ற எண்ணெய் மேடை. 1976இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆக்ஸிடென்டல் நிறுவனம் அதை நடத்தியது. கச்சா எண்ணெயோடு எரிவாயுவும் அங்கே பிரித்தெடுக்கப்பட்டது. வாயுவிலிருந்து குளிர்ந்து இறங்கும் திரவத்தைக் குழாய்க்குள் தள்ள ஏ, பி என இரண்டு பம்புகள் இருந்தன. ஒன்று ஓடும்போது மற்றொன்று காத்திருக்கும்.

1988 ஜூலை 6 அன்று பகலில் ஏ பம்பு பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டது. அதற்கு ஒரு பணி அனுமதிச் சீட்டு. அதே பம்போடு இணைந்த அழுத்தத் தணிப்பு வால்வைச் சோதித்துச் சான்றளிக்க ஒப்பந்தப் பணியாளர்கள் கழற்றினார்கள். அதற்கு வேறொரு சீட்டு. மாலை ஆறு மணிக்குள் வால்வைத் திரும்பப் பொருத்த முடியவில்லை. திறந்து கிடந்த குழாய் வாயில் ஓர் அடைப்புத் தகட்டை வைத்து, சீட்டை 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று குறித்துக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் எனச் சென்றார்கள். இதில் மறைத்தல் ஏதுமில்லை. சீட்டு சொன்னது உண்மையே.

ஆனால் ஒரு சீட்டில் மற்றொன்றைப் பற்றிய குறிப்பு இல்லை. நிறுத்திவைத்த சீட்டுகளைக் கட்டுப்பாட்டு அறையில் வைக்காமல் பாதுகாப்பு அலுவலகத்தில் வைப்பது அங்கே வழக்கமாகியிருந்தது. ஷிப்ட் மாறும்போது எழுதிய குறிப்புகளில் பம்பு இருந்தது, வால்வு இல்லை. கழற்றிய இடமோ பம்புக்கு மேலே, கீழே நிற்பவர் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

இரவு 9.45 அளவில் பி பம்பு நின்றுபோனது. எவ்வளவு முயன்றும் ஓடவில்லை. அது ஓடாவிட்டால் சற்று நேரத்தில் மேடையின் மின்சாரமே போய்விடும். இரவுப் பணியாளர்கள் ஏ பம்பை நினைத்தார்கள். அதன் பராமரிப்பு வேலை உண்மையில் இன்னும் தொடங்கப்படவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். எனவே திரும்ப ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள். அவர்கள் அறிந்த அளவில் சரியான முடிவு. அவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று எழுதுகிறவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஏட்டைப் பார்த்தே செயல்பட்டார்கள். பார்க்க வேண்டிய ஏடு வேறோர் அறையில் இருந்தது.

பத்து மணிக்கு முதல் வெடிப்பு. இருபது நிமிடங்களில் பக்கத்து மேடையிலிருந்து வந்த பெரிய எரிவாயுக் குழாய் வெடித்தது. அதற்குப் பின் நடந்தவை பலரும் எழுதியவை. மேடையில் இருந்த 226 பேரில் 165 பேரும், மீட்கச் சென்ற படகில் இருவரும் இறந்தனர்.

விசாரணையை நடத்தியவர் கல்லன் பிரபு. பம்புகள் இருந்த பகுதி கடலடியில் கிடந்தது. அந்த அடைப்புத் தகட்டை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. உயிர் பிழைத்தவர்களின் சாட்சியங்களையும், சோதனைகளையும், கணக்கீடுகளையும் ஒப்பிட்டு, எது பொருந்துகிறது எனத் தேர்ந்து, அந்த மாலையை அவர் மீட்டெழுதினார். மூல ஏடு அழிந்தபின் படிகளை வைத்துப் பாடத்தைத் தீர்மானிக்கும் பதிப்பாசிரியரின் வேலைதான் இதுவும். 1990 நவம்பரில் வெளியான அறிக்கை 106 பரிந்துரைகளைத் தந்தது. தொழில்துறை அனைத்தையும் ஏற்றது.

அறிக்கையின் சீட்டு முறை பற்றிய பகுதி தனியாகப் படிக்கத்தக்கது. எழுத்து வடிவில் நல்ல விதிமுறை இருந்தது. நடைமுறையில் வேலை முடிந்த இடத்தைப் போய்ப் பார்க்காமலே கையொப்பமிட்டிருக்கிறார்கள். ஒரே சீட்டில் பல வேலைகளை ஓட்டியிருக்கிறார்கள். இவை ஒருநாள் தவறுகள் அல்ல, பல ஆண்டுகளின் பழக்கம். நம் மாணவரின் மாதக் கடைசி நினைவுக்கு வருகிறதல்லவா?

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ இரசாயன ஆலையில் 28 பேர் இறந்தனர். விரிசல் கண்ட உலை ஒன்றை அகற்றிவிட்டு, அதன் இரு பக்கத்து உலைகளையும் 20 அங்குலக் குழாயால் இணைத்திருந்தார்கள். அந்த மாற்றத்துக்கு இருந்த ஒரே வரைபடம், பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் போட்ட கோடுகள்.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். 1987 செப்டம்பரில் பைப்பர் ஆல்ஃபாவிலேயே ஒரு தொழிலாளி விபத்தில் இறந்தார். அனுமதிச் சீட்டு முறையிலும் ஷிப்ட் ஒப்படைப்பிலும் குறை இருந்தது அப்போதே வெளிப்பட்டது. அவ்வழக்கில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது 1988 மார்ச்சில். பெருந்தீ ஜூலையில்.

அந்தத் தீக்காக எவர் மீதும் குற்ற வழக்குத் தொடரப்படவில்லை. அபர்டீனின் ஹேசில்ஹெட் பூங்காவில் 1991இல் நினைவுச் சின்னம் திறந்தார்கள். இறந்தவர்களில் முப்பது பேரின் உடல் கிடைக்கவே இல்லை.