காலப் பயணக் காதற்கதையும் ஊழ்க்கோட்பாடும்

கழிந்த காலத்தை மீண்டும் காண வேண்டும் என்னும் வேட்கை மாந்தர் எல்லார்க்கும் பொது. தமிழ்க் கதைமரபு அதனை நெடுங்காலம் மறுபிறப்பின் வாயிலாக நிறைவு செய்துவந்தது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இன்று நேற்று நாளை’ என்னும் திரைப்படம் இயந்திரத்தின் வாயிலாக நிறைவு செய்தது. இம்மாற்றத்தில் கருவி மட்டுமன்றி அறநோக்கும் மாறியது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பழைய மரபிற்கு மணிமேகலை சான்றாகும். மணிபல்லவத்துப் புத்த பீடிகையைக் கண்ட மணிமேகலை தன் முற்பிறப்பை உணர்கின்றாள். அப்பிறப்பில் தன் கணவனாயிருந்த இராகுலனே உதயகுமரனாகப் பிறந்துள்ளான் என அறிகின்றாள். எனினும், அவ்வறிவு அவனைக் காக்கவில்லை. அவன் வெட்டுண்டு இறந்தது முன்வினைப் பயன் என்று கந்திற்பாவை உரைக்கின்றது. பழமையை அறியலாம்; மாற்றலாகாது என்பதே காப்பியத்தின் முடிபு.

1963இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சம் மறப்பதில்லை’ இம்மரபைத் திரைக்குக் கொணர்ந்தது. முற்பிறப்பில் காதலரைப் பிரித்த தந்தை, அவர்கள் மீண்டும் பிறந்து கூடும்போதும் பகை தணியாத முதியவராக எதிர்நிற்கின்றார். பிறப்பு மாறினும் குடும்பப் பகை மாறவில்லை.

மேனாட்டில் வெல்சு 1895இல் எழுதிய ‘கால இயந்திரம்’ என்னும் புதினம் வேறொரு வழியைப் பரப்பிற்று. 1985இல் வெளிவந்த ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ அவ்வழியைக் குடும்பக் கதையாக்கியது. தன் பெற்றோரின் இளமைக்காலத்திற்குச் செல்லும் மகன், அவர்தம் காதல் கைகூடாவிடில் தான் பிறவாமற் போவான் என்னும் நிலையில் நிற்கின்றான்.

தமிழ்ப்படம் இதன் எதிரொலியே எனச் சிலர் கருதலாம். அது முழுதும் பொருந்தாது. இரவிக்குமார் இயக்கிய ‘இன்று நேற்று நாளை’யில், 2065ஆம் ஆண்டிலிருந்து வந்த இயந்திரம் வேலையற்ற இளைஞன் ஒருவனிடமும் அவன் நண்பனாகிய சோதிடனிடமும் சிக்குகின்றது. ஊழைக் கணிக்க வேண்டிய சோதிடனே இயந்திரத்தை நாடுகின்றான். பிறர் தொலைத்த பொருள்கள் போன இடத்தைக் கடந்த காலத்திற்குச் சென்று கண்டு, கணித்துக் கூறியதாகக் காட்டிப் பொருள் ஈட்டுகின்றான். இந்நகைச்சுவை ஊழ்நம்பிக்கை வேரூன்றிய மண்ணிலன்றிப் பிறவாது. பின்னர், காதலி பிறந்த நாளைக் காணும் விளையாட்டுப் பயணத்தில், அன்று இறந்திருக்க வேண்டிய கொடியவன் ஒருவன் உயிர் பிழைக்கின்றான். அதனால் நிகழ்காலத்தில் காதலியின் குடும்பத்திற்கே இடர் நேர்கின்றது. இங்கு வினை முற்பிறப்பினதன்று. காதலன் தன் கையால் செய்தது. அதனைத் தீர்க்கும் கடனும் அவனதே.

இம்மாற்றத்தின் பயனை உணர வேம்பாரை நினைத்தல் தகும். அது தூத்துக்குடிக்கு வடக்கே அமைந்த முத்துக்குளித்துறைப் பழம்பதி. இக்கரைப் பரதவர் 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத்தைத் தழுவினர். அவர்தம் சமயத்தில் மறுபிறப்பிற்கு இடமில்லை. ஆயினும் அவர்க்கும் மீளக் காண விரும்பும் பழமை உண்டு. தூத்துக்குடிக் கடலின் பெரிய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. முத்துக்குளித்த பாட்டனை இளைஞனாகக் காண விரும்பும் பெயரனுக்கு முற்பிறப்புக் கதை வழிகாட்டாது. இயந்திரக் கதை காட்டும். அது எச்சமயக் கொள்கையையும் கேளாமல் எல்லார்க்கும் இடந்தருகின்றது.

2022இல் வெளிவந்த ‘கணம்’, இறந்த அன்னையைக் காக்கக் கடந்த காலம் செல்லும் மகனைக் காட்டிற்று. காதலியோ அன்னையோ, பயணத்தின் இலக்கு உறவே. உதயகுமரனை இழந்த மணிமேகலைக்கு ஊழ் விளக்கம் ஒன்றைத் தந்தது. இன்றைய கதை விளக்கத்தோடு அமையாது, பொறுப்பையும் தருகின்றது. நாம் இன்று செய்வதே நம் மக்களுக்குப் பழமையாகும் என்பதை நகைப்பினூடே உணர்த்தும் இவ்வகைப் படங்கள், இலக்கிய ஆராய்ச்சியாளர் புறந்தள்ளத் தக்கன அல்ல.