ஒரு மாகாணத்தின் விண்ணப்பம்

சரித்திரம் என்றதும் முடிசூட்டு விழாக்களும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பல்லாண்டுகளாக வகுப்பறையில் சரித்திரம் படிப்பித்து வரும் நானும் பெரும்பாலும் அவற்றையே படிப்பித்திருக்கிறேன். ஆயினும், ஒரு சிறு மாகாணத்து மக்கள் தம் உயிரைக் காக்குமாறு அரசாங்கத்துக்கு எழுதிய விண்ணப்பமும் சரித்திரமே அன்றோ? அத்தகைய விண்ணப்பம் ஒன்றின் வரலாற்றையே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பின்லாந்து தேசத்தின் கிழக்கெல்லையில், ருஷியாவை அடுத்து, வட கரேலியா என்னும் மாகாணம் இருக்கின்றது. ஏரிகளும் அடர்ந்த காடுகளும் நிறைந்த பூமி, நீண்ட பனிக்காலம். 1970ஆம் ஆண்டளவில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 1,80,000 பேர். மரந் தறித்தலும், சில பசுக்களை வளர்த்துப் பால் விற்றலும் அவர்களிற் பலருடைய தொழில்கள். பாணிலே தடிப்பாகப் பூசிய வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், பன்றியிறைச்சி, உப்பு மிகுந்த கறி என்பன அவர்தம் அன்றாட உணவு. மரக்கறியை மாட்டுக்குரிய தீனி என எள்ளி நகைத்தோரும் உண்டு. ஆடவரிற் பாதிக்கு மேற்பட்டோர் புகை பிடித்தனர்.

காட்டிலே கோடரி பிடித்து உழைத்த கட்டுடல் வாய்ந்த அந்த ஆடவர், நாற்பதிலும் ஐம்பதிலும் மாரடைப்பினால் மாண்டனர். அன்செல் கீஸ் என்னும் அமெரிக்க அறிஞர் தலைமையில் 1950களின் இறுதியில் ஏழு நாடுகளில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. பின்லாந்தில் அதனை நடத்தியவர் மார்த்தி கார்வொனன் என்னும் வைத்திய அறிஞர். ஆராயப்பட்ட பகுதிகள் அனைத்திலும் இருதய நோய் மிகுந்திருந்த இடம் கிழக்குப் பின்லாந்தே எனக் கண்டனர். கிரேக்க நாட்டுக் கிரீட் தீவிலும் யப்பானிலும் அந்நோய் அரிதாயிருந்தது. அதுவரை விதியென்று கருதப்பட்ட சாவுக்கு, உணவும் வழக்கமும் காரணமாகலாம் என்ற எண்ணம் அப்பொழுதே வேரூன்றியது.

அறிஞர் கண்ட உண்மை ஏடுகளிற் கிடந்தே மடிந்துவிடுவது உண்டு. இங்கு அவ்வாறு நிகழவில்லை. 1971 ஜனவரியில், மாகாண ஆளுநர் எசா திமோனன், அம்மாகாணத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள், பொதுச் சங்கங்களின் பிரதிநிதிகள் ஆகியோர் ஒருங்கே கையொப்பமிட்டுத் தேசிய அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினர். கட்சி வேற்றுமை அங்கே குறுக்கிடவில்லை. இந்நோயைக் குறைப்பதற்கு உடனடியாக ஒரு திட்டம் வகுத்துச் செயற்படுத்த வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. நோயாளியைக் கிடத்தக் கட்டில் கேட்பது வேறு. நோயே வாராது தடுக்க வழி கேட்பது வேறு. அவர்கள் இரண்டாவதையே கேட்டனர். இவ்வரலாற்றின் திருப்பம் அதுவே.

பின்லாந்து இருதயச் சங்கமும், உலக சுகாதார தாபனத்தின் நிபுணரும் கூடித் திட்டம் வகுத்தனர். 1972இல் பணி தொடங்கியது. தலைமை ஏற்ற பெக்கா புஸ்கா என்னும் வைத்தியருக்கு அப்பொழுது முப்பது வயதும் நிரம்பவில்லை. வைத்தியசாலைக்குள் இருந்துகொண்டு இந்நோயை வெல்ல முடியாது என்பதை அவர் நன்குணர்ந்தார். எனவே மாதர் சங்கத்தாரை நாடினார். அவர்கள் ஊர்தோறும் கூட்டங்கள் கூட்டி, பழைய கரேலியக் கறியையே கொழுப்பைக் குறைத்து, மரக்கறியைக் கூட்டிச் சமைத்துப் பரிமாறினர். ஊரவர் மதிக்கும் ஆண் பெண்களைப் பழக்கித் தூதுவர் ஆக்கினர். தாதிமார் குருதியமுக்கத்தை அளந்தனர். உள்ளூர்ச் சொசேஜ் உற்பத்தியாளர் கொழுப்பின் ஒரு பகுதியை நீக்கிக் காளான் சேர்க்க உடன்பட்டார்.

இவையெல்லாம் எதிர்ப்பின்றி நடந்தன என எண்ணற்க. வெண்ணெயைக் குறை என்று சொல்வது, பசுவை நம்பி வாழும் குடியானவனின் அடுப்பை அணைப்பது போன்றதாகும். பாற்பண்ணையாளர் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. அறிவுரை வேறு, ஒருவனுடைய பிழைப்பு வேறு. இதனை உணர்ந்தமையாலேயே, பின்னாளில் அந்நாட்டுக் காடுகளில் விளையும் பெரிப் பழங்களைப் பயிரிட்டு விற்பதற்கு ஊக்கமளித்தனர். குளிர் நாட்டிலும் விளையக்கூடிய, கடுகினத்தைச் சேர்ந்த ஒருவகைச் செடியின் எண்ணெய், வெண்ணெய்க்கு மாற்றாகப் பரவியது. பிழைப்புக்கு மாற்று வழி காட்டாமல் நல்லுரை மட்டும் கூறியிருப்பின் இம்முயற்சி இடைவழியிலேயே நின்றிருக்கும்.

அடுத்து வந்தது சட்டம். 1976இல் பின்லாந்துப் பாராளுமன்றம் புகையிலைச் சட்டத்தை நிறைவேற்றியது. சிகரெட் விளம்பரம் தடுக்கப்பட்டது. பொதுவிடங்களிற் புகைத்தல் கட்டுப்படுத்தப்பட்டது. சிறுவருக்கு விற்றல் விலக்கப்பட்டது. புகையிலை வரியில் ஒரு சிறு பங்கு சுகாதாரக் கல்விக்கு ஒதுக்கப்பட்டது. முதல் ஐந்தாண்டு நிறைவுற்றதும் மாகாணத்தின் முயற்சி நாடு முழுவதற்கும் விரிந்தது. 1978இல் புகைத்தலைக் கைவிட விரும்புவோருக்குத் தொலைக்காட்சியில் பாடங்கள் நடத்தப்பட்டன.

பயன் யாது? 1970ஐ ஒட்டிய ஆண்டுகளோடு 1995ஆம் ஆண்டை ஒப்பிட்டால், 35 முதல் 64 வயது வரையான ஆடவரிடையே இருதய நோய்ச் சாவு வட கரேலியாவில் நூற்றுக்கு 73 பங்கு குறைந்திருந்தது. நாடு முழுவதிலும் குறைவு 65 பங்கு.

இங்கே சரித்திர மாணவன் ஒரு வினாவை எழுப்புதல் கடமை. ஒப்பிடுவதற்கெனத் தெரிந்தெடுத்த அயல் மாகாணமாகிய குவோப்பியோவிலும் சாவு பெருமளவு குறைந்ததே. அவ்வாறாயின் இத்திட்டத்தின் பங்கு எவ்வளவு? அறிஞர் இது குறித்து வாதிட்டுள்ளனர். ஆனால் நல்ல செய்தி மாகாண எல்லையில் நின்றுவிடுவதில்லை. சட்டமும் தொலைக்காட்சியும் நாடெங்கும் பொதுவானவை. ஒவ்வொரு காரணத்தின் எடையையும் தராசில் நிறுத்துக் கூற இயலாது. அயல் மாகாணமும் பிழைத்தது குறையன்று; அதுவும் ஒரு நன்மையே.

இருபத்தைந்து ஆண்டு நடந்த அத்திட்டம் 1997இல் நிறைவுற்றது. இத்தகைய அனுபவங்கள் திரண்டே 2003இல் உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. அவ்வாண்டிலேயே இலங்கையும் அதனை ஏற்று உறுதி செய்தது. 2006இல் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டமும் நம் நாட்டில் நிறைவேறியது.

மாரடைப்பு ஒருவனுடைய நெஞ்சில் நிகழ்கின்றது. அதனால் அது அவனது சொந்தத் துயரம் என்றே நாம் கருதுகிறோம். அவன் உண்ணும் உணவின் விலையையும், கடையில் தொங்கும் விளம்பரத்தையும், உப்பின் அளவையும் அவன் தனியே தீர்மானிப்பதில்லை. பலர் கூடித் தீர்மானித்தவற்றைப் பலர் கூடியே மாற்ற வேண்டும். வட கரேலியாவின் குடியானவர் இதனை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்றவரல்லர். தம் ஊர்ச் சுடுகாட்டிலே இளவயதில் மாண்டோரின் கல்லறைகள் பெருகக் கண்டனர், கூடினர், கையொப்பமிட்டனர். அந்தக் கையொப்பங்களையும் நம் மாணவர் உடன்படிக்கைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.