கல்முனைக் கரையோர உணவகங்கள்

இலங்கையின் கிழக்கு மாகாணத்தில், மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் கல்முனையையும், அதை ஒட்டி அக்கரைப்பற்று வரை நீளும் கடலோர ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தனித்த உணவு வட்டாரம் தெரியும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஏ-4 நெடுஞ்சாலையில் ஊரும் ஊரும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பெரும்பாலானவை தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள். பாண்டிருப்பும் காரைதீவும் தமிழ் இந்து ஊர்கள். இவ்வூர்கள் அடங்கிய, 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தில், 2012 மக்கள் கணக்கெடுப்பின்படி, முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39 வீதம், தமிழர் 17 வீதம். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள், தேத்தண்ணிக் கடைகள், கொத்துக் கடைகள், பேக்கரிகள். உள் ஒழுங்கைகளில் அவற்றைவிடப் பெரிய ஒரு சமையல் உலகம் பெயர்ப்பலகை இல்லாமல் இயங்குகிறது.

இந்த வட்டாரத்தின் மேற்கே வயல், கிழக்கே கடல். இரண்டுக்கும் இடையில் சில கிலோமீற்றர் அகலமே உள்ள மணல் திட்டில் மக்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள். கல்முனை மாநகர எல்லைக்குள் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். சந்தைக்கு வரும் அரிசி, மீன், தயிர், இறைச்சி, கீரை எல்லாம் அரை நாள் தூரத்துக்குள் கிடைத்துவிடும். அப்படியிருந்தும் இங்கே உண்ணப்படுவதெல்லாம் இங்கே விளைந்ததல்ல. எது ஊர்ப்பொருள், எது கப்பலில் வந்தது என்பது நேரத்துக்கு நேரம் மாறும். பகல் சாப்பாடு பெரும்பாலும் இந்த மண்ணுடையது. இரவுச் சாப்பாடு பெரும்பாலும் துறைமுகத்துடையது.

பகலில் தொடங்கலாம். கல்லோயா என்று அரச ஏடுகளிலும் பட்டிப்பளை ஆறு என்று ஊர்வழக்கிலும் அழைக்கப்படும் ஆற்றை மறித்து 1949இல் தொடங்கிய திட்டம், சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரும் நீர்த்தேக்கத்தை உருவாக்கியது. அதன் வாய்க்கால் நீரும் பழைய குளங்களின் நீரும் பாயும் சம்மாந்துறை, நிந்தவூர், இறக்காமம், அக்கரைப்பற்று வயல் வட்டைகளில் ஆண்டுக்கு இரு போகம் விளைகிறது. இங்கே வேளாண்மை என்றால் நெல்தான், வேறு பயிருக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. நாட்டில் நெல் அதிகம் விளையும் மாவட்டங்களில் அம்பாறை ஒன்று. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அரிசி ஆலைகள் ஏராளம். ஆனால் அறுவடைக் காலத்தில் பொலன்னறுவை ஆலைகளுக்கு லொறி லொறியாக நெல் போவதும், அதே அரிசி பெயர் அச்சிட்ட பைகளில் திரும்பி வருவதும் இந்தப் பகுதி விவசாயிகளுக்குப் பழகிப்போன வேதனை.

ஒரு சாதாரணக் கடையின் பகல் சோற்றுத் தட்டைக் கிட்ட வைத்துப் பார்த்தால் வட்டாரம் முழுவதும் அதில் இருக்கும். நடுவில் நாட்டரிசிச் சோறு அல்லது சம்பா. ஓரத்தில் பருப்பு, ஒரு கீரைச் சுண்டல் (முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, அன்றைக்கு எது கிடைத்ததோ அது), தேங்காய்ச் சம்பல், பொரித்த மிளகாய். மீன் கறி தனிக் கிண்ணத்தில் வரும். பக்கத்தில் ஓர் ஆணம். முஸ்லிம் வீடுகளில் தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு பாலாணம், புளி கரைத்தது புளியாணம். பாலாணத்தின் கைப்பக்குவம் நெருப்பில் இருக்கிறது. வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் இரண்டாம் பாலில் வெந்த பிறகே முதற்பால் சேரும். அதன்பின் கரண்டி நிற்கக் கூடாது. கொதித்தால் பால் திரைந்துவிடும், அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றி நுரை கட்டும் தருவாயில் அடுப்பை விட்டு இறக்க வேண்டும். பால் திரைந்த ஆணத்தைச் சமையல்காரர் மேசைக்கு அனுப்பினால், வழக்கமான வாடிக்கையாளர் மறுநாள் அடுத்த கடையில் இருப்பார்.

மீனுக்கும் பருவம் உண்டு. சித்திரை பிறக்கும் பக்கத்திலிருந்து புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும். கரைவலை இழுப்பு அப்போதுதான் முழுவீச்சில் நடக்கும். கீரி, சூடை, பாரை, சூரை எல்லாம் கரையிலேயே விலை பேசி எடுக்கப்பட்டு, சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் ஒழுங்கைக்குள் போய்விடும். அறக்குளா பெரும்பாலும் பணக்காரக் கறி. வாடைக்காற்று தொடங்கி மாரி மழை கொட்டும் கார்த்திகை, மார்கழியில் கடல் எழும்பும். கடைக்காரர் அப்போது வாவி, குளப் பக்கம் திரும்புவார். இறால், நண்டு, மணலை, குளத்து யப்பான் மீன் ஆகியவை தட்டுக்கு வரும். நல்ல காலத்தில் வெயிலில் காய்ந்த கருவாடும் கூனி இறாலும் அந்த மாதங்களில் கைகொடுக்கும். ஆண்டு முழுவதும் ஒரே மீன் கறி வைக்கும் கடை இருந்தால், அது குளிரூட்டிய பெட்டியை நம்பி நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது கரையோரத்தில் தெருத்தெருவாக வீடுகள் அழிந்தன. அதன்பின் வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டடம் கூடாது என்று அரசு அறிவித்ததும், பின்னர் அந்த விதி தளர்த்தப்பட்டதும், இடையில் பல மீனவக் குடும்பங்கள் கடலை விட்டுத் தள்ளிக் குடியேறியதும் உணவின் வரலாற்றிலும் சேரும். கரையை ஒட்டி இருந்த அடுப்புகள் உள்ளே போயின. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தை அடுத்து வடபக்கக் கரை அரிக்கப்பட்டதும் கரைவலை இழுக்கும் இடங்களைக் குறைத்தது. மலிந்த மீனுக்குப் பெயர்போன ஊர்களில் மீன் விலை ஏறியதன் பின்னால் இத்தனையும் இருக்கின்றன.

எருமைத் தயிரைச் சொல்லாமல் இவ்வட்டாரச் சாப்பாட்டை முடிக்க முடியாது. உள்நாட்டுப் புல்வெளிகளில் பட்டி வைத்திருப்போர் பால் கறந்து, காய்ச்சி, மண் சட்டியில் உறை ஊற்றுகிறார்கள். மண் சட்டி நீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் கத்தியால் வெட்டும் பதத்துக்கு இறுகும். கடைகளில் சட்டிகளை அடுக்கி, மேலே தாள் கட்டி வைத்திருப்பார்கள். சோற்றுக்குப் பின் தயிரும் சீனியும், அல்லது தயிரும் பாணியும் என்பது விருந்தின் கடைசி வரிசை. மேய்ச்சல் தரைகள் சுருங்குவதால் பட்டிக்காரர்கள் ஒவ்வொரு போகத்திலும் மாடுகளை ஓட்டிக்கொண்டு இடம் தேடுகிறார்கள். வயற்காரருக்கும் பட்டிக்காரருக்கும் இடையிலான தகராறு ஒவ்வொரு விதைப்புக் காலத்திலும் எழுவது.

காலையும் மாலையும் வீட்டு அடுப்புகளின் நேரம். பெண்கள் விடியற்காலையில் புட்டு, இடியப்பம், அப்பம் அவித்துச் சுட்டு, பக்கத்துக் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். கடைக்காரர் சம்பலும் ஆணமும் சேர்த்து விற்கிறார். சிவப்பரிசி மாவில் செய்த புட்டுக்கு இன்றும் தனி மதிப்பு. தமிழரும் முஸ்லிம்களும் அயலில் வாழ்வதைப் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று கிழக்கில் சொல்வார்கள். போர்க்கால வன்செயல்களில் இந்த உவமை பல முறை உடைந்தது. ஆனாலும் பழக்கத்திலிருந்து போகவில்லை. கிண்ணத்தப்பம், தொதல், வட்டிலப்பம் ஆகிய இனிப்புகளும் பெரும்பாலும் இந்த அடுப்புகளில்தான் பிறக்கின்றன. வட்டிலப்பத்துக்கு வேண்டிய முட்டையும் தேங்காய்ப்பாலும் ஊருக்குள் கிடைக்கும். அதற்கு நிறமும் மணமும் தரும் கித்துள் கருப்பட்டி மலைநாட்டிலிருந்து வரவேண்டும். தேங்காயும் எப்போதும் நிச்சயமில்லை. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பு, அம்பாறைத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்ததை முதியவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். 2024 இறுதியில் நாடு முழுவதும் தேங்காய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது, இரண்டாம் பாலையே முதற்பாலாகக் கணக்கிடும் நிலைக்குச் சின்னக் கடைகள் வந்தன.

இருட்டியதும் காட்சி மாறும். இரும்புக் கல்லில் தகடுகள் மோதும் சத்தம் நெடுஞ்சாலை நெடுகக் கேட்கும். கொத்து ரொட்டி கிழக்கிலங்கையில்தான் பிறந்தது என்ற கருத்து பரவலாக உண்டு. மட்டக்களப்பும் திருகோணமலையும் அதற்கு உரிமை கோருகின்றன. ரொட்டியை எண்ணெய் விட்டு வீசி மெல்லிதாக்கிச் சுட்டு, கல்லில் போட்டு, முட்டை, லீக்ஸ், வெங்காயம், இறைச்சிக் கறி சேர்த்து, இரு கைத் தகடுகளால் தாளம் தவறாமல் கொத்துவது ஒரு கைத்தொழில். கொத்துபவருக்குக் கடைகளில் தனிச் சம்பளம். அவர் மாறினால் கடையின் கூட்டமும் மாறும்.

இந்த இரவுக்கு அடிப்படை கோதுமை மா. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. இறக்குமதித் தானியம் திருகோணமலையின் பெரிய மா ஆலையில் அரைபட்டு, பராட்டாவும் பாணும் ரொட்டியும் ஆகிறது. மலிவு விலையில் மா கிடைத்த ஆண்டுகளில் சோற்றுக்கடை பின்னடைந்ததும், கொத்துக்கடை முன்னுக்கு வந்ததும் நடந்தன. 2022இல் அந்நியச் செலாவணி வறண்டு, சமையல் எரிவாயுவும் மாவும் கிடைக்காமல் போனபோது பல கடைகள் விறகுக்குத் திரும்பின, பல பூட்டிக்கொண்டன. அந்த மாதங்களில் அரிசி மாப் புட்டும் மரவள்ளிக்கிழங்கும் மீண்டும் மேசைக்கு வந்தன. ஆனால் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டதால் அடுத்து வந்த பெரும்போகத்தில் நெல்லும் குறைந்திருந்தது. ஊர்ப்பொருளும் கப்பல் பொருளும் ஒரே நேரத்தில் கைவிட்ட காலம் அது. 2024 டிசம்பரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து இறக்குமதிக்கு அனுமதி தரப்பட்டபோது, அரிசி ஆலைகள் நிறைந்த இவ்வூர்களும் அந்த விலைக்குத் தப்பவில்லை.

இந்தக் கடைகளின் வரலாற்றில் மறக்கக்கூடாத ஓர் இரவு 2018 பெப்ரவரி 26. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவர் நடத்திய கடையில், கறியில் கிடந்த ஒரு மாக் கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். கூட்டம் கூடியது, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. காணொளியும் வதந்தியும் முகநூலில் பரவின. ஒரு வாரத்துக்குள் கண்டி மாவட்டத்தின் திகனவில் பெரும் வன்செயல் வெடித்தது. அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை அது மாவே என்று உறுதி செய்தது. உணவில் கலந்து மலடாக்கும் மாத்திரை என ஒன்றே இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். முகநூல் நிறுவனம் 2020இல் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. அந்த நாள்களில் நடுங்கிய சமையல்காரர்கள் கல்முனையிலும் இருந்தார்கள். ஒரு கடையின் ஓரத்தில் நின்று சாப்பிட்டவருக்கு எதுவும் நேராத போதும், ஒரு பொய் அந்தக் கடையை எரிக்கும் என்பதை இம்மாவட்டம் அறிந்தது.

மார்க்க நாள்காட்டிதான் கடைகளின் இன்னொரு அட்டவணை. நோன்பு மாதத்தில் பகல் கடைகள் மூடி, அஸர் தொழுகைக்குப் பின் திறக்கும். பள்ளிவாசல்களில் அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, பூண்டு, வெந்தயம், ரம்பை, இறைச்சி சேர்த்துப் பெரிய அண்டாக்களில் காய்ச்சும் கஞ்சி, பாத்திரம் கொண்டு வரும் எவருக்கும் இலவசம். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் பெயரால் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடியேற்று விழா நடந்து, இறுதியில் கந்தூரிச் சோறு பங்கிடப்படுகிறது. திருமணங்களில் ஐந்தாறு பேர் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது இன்னும் வழக்கில் உண்டு. அந்த வழக்கம் கடைக்குள் முழுமையாக வரவில்லை என்றாலும், சில இடங்களில் வெள்ளிக்கிழமைகளில் நெய்ச்சோறும் இறைச்சிக் கறியும் பெரிய தட்டில் வைத்துக் கூட்டமாக உண்ணக் கொடுக்கிறார்கள். காரைதீவில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் வைகாசியில் சைவ வீடுகள் மீனை விடும், அடுத்த ஊர்ச் சந்தையில் அந்தக் கணக்கு தெரியும்.

வளைகுடா நாடுகளில் வேலை செய்து திரும்பியோர் மந்தி, கப்ஸா, ஷவர்மா என்று புதிய வரிசையைக் கொண்டு வந்தார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1990களின் நடுவில் தொடங்கிய பின், பல மாவட்ட மாணவர்களுக்காக அதைச் சுற்றிச் சிறு கடைகள் எழுந்தன. தெற்கே பொத்துவில், அறுகம்பையில் அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டினருக்குச் சமைப்போர் பெரும்பாலும் அந்த ஊர் முஸ்லிம்களே. அங்கே பீட்சாவும் சுட்ட மீனும் ஒரே அடுப்பிலிருந்து வரும். கடல் அமைதியான மாதங்களும் சுற்றுலாப் பருவமும் ஒன்றாக வருவதால், அங்குள்ள கடைக்காரர் அந்த ஐந்தாறு மாதத்துக்கு மட்டும் அயலூர்க் கரைவலைக்காரரிடம் முன்கூட்டியே மீனுக்குச் சொல்லி வைக்கிறார். வாடைக்காற்று தொடங்கியதும் பலகைகளைச் சாத்திவிட்டு மாரி விதைப்புக்கு வயலுக்குப் போவோரும் அவர்களில் இருக்கிறார்கள்.