ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கும் முன் காது கேட்கிறதா என்று பாருங்கள்

தோட்டக் காவலுக்கு நாய் வளர்க்க நினைக்கும் விவசாயிகள் பலரும் முதலில் கேட்பது ராஜபாளையம் இனத்தைத்தான். விருதுநகர் மாவட்டம் ராஜபாளையம் பகுதியைச் சேர்ந்த இந்த நாட்டு இனத்துக்கு, 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது. முற்காலத்தில் பாளையக்காரர்களும் ஜமீன்தார்களும் வேட்டைக்கும் காவலுக்கும் இதை வளர்த்தார்கள்.

தோற்றம்

நல்ல ராஜபாளையம் நாய் பால் வெள்ளை நிறத்தில் இருக்கும். மூக்கு, உதடு, கண் இமை ஓரம் ஆகியவை இளஞ்சிவப்பாக இருக்கும். தோள் உயரம் சுமார் 65 முதல் 75 செ.மீ. நீண்ட கால்கள், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, மடிந்து தொங்கும் காதுகள், குட்டையான மென்மையான முடி ஆகியவை இதன் அடையாளங்கள்.

குணம்

வளர்ப்பவரிடம் மிகுந்த விசுவாசம் காட்டும். அந்நியரை எளிதில் நெருங்க விடாது. அவர்கள் தொடுவதையும் விரும்பாது. வேட்டை இனம் என்பதால் ஓடும் கோழியையும் ஆட்டுக்குட்டியையும் துரத்தும். எனவே குட்டியிலிருந்தே வீட்டு ஆட்களோடும் கால்நடைகளோடும் பழக்குங்கள். நாள் முழுவதும் கட்டிப்போட்டால் முரட்டுத்தனம் கூடும். காலையும் மாலையும் ஓடவிடுவது அவசியம்.

காது கேளாமை

இந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருக்கும். தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதுக்கும் தேவை. அவை அங்கே இல்லாதபோது கேட்கும் திறன் அழிந்துவிடுகிறது. நீலக்கண் குட்டிகளில் இந்தக் குறை அதிகம். செவிட்டு நாய் காவலுக்கு உதவாது. தூங்கும்போது திடீரெனத் தொட்டால் பயந்து கடித்தும் விடலாம்.

கூட்டத்தில் இருக்கும்போது குறை தெரியாது. மற்ற குட்டிகளைப் பார்த்து அதுவும் ஓடிவரும். எனவே 6 வாரத்துக்கு மேல் வயதான குட்டியைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அது உங்களைப் பார்க்காத நேரத்தில், பின்னால் சற்றுத் தள்ளி நின்று, கையில் பிடித்த தட்டைக் கரண்டியால் தட்டுங்கள். காது கேட்டால் திரும்பும் அல்லது காதை அசைக்கும். தரையைத் தட்டாதீர்கள்; அதிர்வை உணர்ந்தும் குட்டி திரும்பலாம். வேறு வேறு ஒலிகளில் இரண்டு மூன்று முறை சோதியுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்த முறையில் கண்டறிய முடியாது.

செவிட்டு நாயையும், செவிட்டுக் குட்டிகளை ஈன்ற ஜோடியையும் மீண்டும் இனவிருத்திக்கு விடக்கூடாது. நெருங்கிய உறவு நாய்களை இணை சேர்ப்பதையும் தவிர்க்கவும்.

பராமரிப்பு

வெளிர்த் தோல் வெயிலில் எளிதில் புண்ணாகும். நிழலும் குடிநீரும் எப்போதும் தேவை. கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி குடற்புழு நீக்கம் செய்து, தடுப்பூசிகளைப் போடுங்கள். வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியை 3 மாத வயதில் தொடங்கி, ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும்.

முயல், காட்டுப்பன்றி வேட்டைக்கு நாயை ஏவுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். காவலுக்கு மட்டுமே பயன்படுத்துங்கள்.