தொண்ணூற்றாறு மணி நேரம்
பிரேமிந்திர சிங் பகத்தின் வரலாறு

வீரம் என்றதும் நம்மவர் மனக்கண்முன் வந்து நிற்பது பெரும்பாலும் ஒரு கணத்துச் செயலே. பாய்ந்தான், வென்றான், அல்லது வீழ்ந்தான் என்ற அளவிலே கதை முடிந்துவிடும். விடியற்காலை தொடங்கி அந்திப்பொழுதுவரை, நாலு நாள், மண்ணையே பார்த்துக்கொண்டு போன ஒருவருடைய செயலை வீரம் என்று சொல்ல நாம் சிறிது தயங்குவோம். இம்மலரிலே யான் எழுத எடுத்துக்கொண்டது அத்தகைய ஒருவருடைய சரித்திரம்.

பிரேமிந்திர சிங் பகத் 1918ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ந் திகதி வட இந்தியாவிலே கோரக்பூரிற் பிறந்தார். பகத் என்ற குடிப்பெயர் வேறொன்றுமன்று. நாம் பக்தன் என வழங்கும் வடசொல்லே அங்கு அவ்வாறு திரிந்து வழங்குகின்றது. தந்தையார் சுரேந்திர சிங் பகத், அக்காலத்து ஐக்கிய மாகாண அரசாங்கத்திலே எக்ஸிகியூட்டிவ் எஞ்சினீயராக உத்தியோகம் பார்த்தவர். வெள்ளையர் ஆட்சியிலே ஓர் இந்தியன் அந்தப் பதவிக்கு ஏறுவது எத்துணை அருமை என்பதை, நமது நாட்டிலும் அரசாங்க உத்தியோகம் பார்த்த முதியோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மகன் 1930இலே டேராடூனில் உள்ள இராணுவக் கல்லூரியிற் சேர்ந்து, பின்னர் அந்நகரிலேயே உள்ள இந்திய இராணுவக் கலாசாலைக்குச் சென்றார். டென்னிசிலும் ஸ்குவாஷ் பந்தாட்டத்திலும் அக்கலாசாலையின் தலைவர் அவரே. படிப்பிலோ, புத்தியுண்டு, கவனமில்லை என்பது எஞ்சினீயரிங் கற்பித்த ஆசிரியருடைய தீர்ப்பு. 1938இலே தந்தையார் குதிரைச் சவாரியின்போது நேர்ந்த விபத்தொன்றிலே இறந்துபோனார். அதன் பின்னரே பையனுக்குப் படிப்பிலே கருத்துச் சென்றது. 1939ஆம் ஆண்டு யூலை 15ந் திகதி செகண்ட் லெப்டினன்ட் ஆகி, றோயல் பம்பாய் சப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற படைப்பிரிவிற் சேர்ந்தார்.

இந்தச் சப்பர்கள் செய்யும் வேலை யாது என்பதைச் சிறிது சொல்லவேண்டும். சேனை முன்னேறும்போது பாலம் கட்டுவோரும் பாதை சமைப்போரும் இவர்களே. சேனை பின்வாங்கும்போது அதே பாலத்தை உடைத்துவிட்டுக் கடைசியாகப் புறப்படுவோரும் இவர்களே. பகத்துக்கு முதலில் வாய்த்தது உடைக்கும் வேலை.

1940 நவம்பரிலே, சூடானுக்கும் எதியோப்பியாவுக்கும் எல்லையில் உள்ள கலபாத் என்னும் கோட்டையை, பிரிகேடியர் ஸ்லிம் என்பவர் தலைமையிலே இந்தியப் படையணியொன்று தாக்கியது. இத்தாலியர் விமானங்கள் குண்டு பொழியப் படை பின்வாங்க நேர்ந்தது. பழுதான இரண்டு தாங்கிகளிலே வெடிமருந்தை நிரப்பி, ஒரு மதகின்மேல் வைத்து, மதகைத் தகர்த்துப் பாதையை அடைப்பது என்பது ஏற்பாடு. ஒன்று வெடித்தது, மற்றது வெடிக்கவில்லை. எதிரி நெருங்கிக்கொண்டிருந்தான். பகத் மறைவிடத்திலிருந்து வெளியே ஓடி, குண்டுமாரிக்கிடையே எஞ்சிய மருந்தையும் வெடிக்கச் செய்துவிட்டு மீண்டார். இதற்காக மிலிட்டரி குறொஸ் என்னும் பதக்கத்துக்கு அவர் பெயர் சிபார்சு செய்யப்பட்டது. கிடைத்ததோ போர் அறிக்கையிலே ஒரு குறிப்பு மாத்திரமே.

நிற்க. 1941 ஜனவரி 31ந் திகதி இரவு, கலபாத்துக்கு எதிரே எதியோப்பிய மண்ணில் உள்ள மெதெம்மா பிடிபட்டது. இத்தாலியர் கொண்டார் நகரை நோக்கிப் பின்வாங்கினர்; பின்வாங்கியவர் வழியெங்கும் கண்ணிவெடிகளைப் புதைத்துவிட்டுப் போயினர். கண்ணிவெடி என்றால் என்ன என்று நமது வடபகுதி வாசகர் எவருக்கும் விளக்கவேண்டிய அவசியம் இல்லை. 2009இற்குப் பின் முகமாலைப் பக்கமாகப் போய்வந்தோர், கயிறுகட்டிய நிலத்திலே முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிய ஆண்களையும் பெண்களையும் கண்டிருப்பர். அவர்கள் கையிலே கருவி இருந்தது, அவசரமும் இல்லை. உலோகத்தை ஒலியால் உணர்த்தும் கருவி பெருமளவிலே போர்க்களத்துக்கு வந்தது 1942இல் எல் அலமெய்ன் போரிலேதான். அதற்கு முன்னரோ கண்ணே கருவி. புதிதாகக் கிளறப்பட்ட மண், வண்டிச்சுவடு இல்லாத ஓரிடம், பொருந்தாமற் கிடக்கும் ஒரு கல் ஆகிய இவற்றைக் கண்டு ஐயுற வேண்டும். பின்னர் துப்பாக்கி முனைக் கத்தியால் மெல்லச் சரிவாகக் குத்திப் பார்த்து, விரலால் மண்ணை நீக்கி, வெடிக்கும் உறுப்பைக் கழற்ற வேண்டும்.

துரத்திச் செல்லும் படைக்கு வேகம் வேண்டும். கண்ணி நீக்குவோனுக்கு நிதானம் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலேதான் இருபத்திரண்டு வயது இளைஞர் நிறுத்தப்பட்டார். அணியின் தலைப்பிலே சென்ற பிரென் கரியர் வண்டியிலே பகத் அமர்ந்தார். பின்னால் வரும் படை முழுவதற்கும் அவர் கண்ணே கண். நாலு நாளிலே 55 மைல். ஏறக்குறைய யாழ்ப்பாணத்திலிருந்து மாங்குளம் மட்டும் உள்ள தூரம். அவ்வளவு தூரத்திலே பதினைந்து கண்ணிவெடி வயல்களைக் கண்டுபிடித்துத் துப்புரவாக்குவித்தார். இருமுறை அவர் ஏறியிருந்த வண்டியே வெடியில் அகப்பட்டது. உடன் வந்தோர் பலியாயினர், காயமுற்றனர். அவர் வேறு வண்டியில் ஏறிக்கொண்டார். மூன்றாம் முறை மறைந்திருந்த எதிரிகள் மிக அண்மையிலிருந்து சுட்டனர். அப்போதும் வேலை நிற்கவில்லை. வெடியதிர்ச்சியாற் காதின் சவ்வொன்று கிழிந்தது.

உடல் சோர்ந்து, காதும் கேளாத நிலையில், அவருக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப மேலதிகாரிகள் முன்வந்தனர். பகத் மறுத்துவிட்டார். அவர் கூறிய காரணத்திலே மானம், மரியாதை, தேசம் என்ற பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. இத்தனை வயல்களைக் கடந்து வந்தபடியால் இந்த வேலை இப்போது மற்றெவரிலும் தமக்கே நன்றாகத் தெரியும், ஆகையால் முடியும்வரை தாமே செய்வதுதான் தகும் என்பதே அவர் சொன்ன நியாயம். கவனமில்லாதவன் என்று ஆசிரியராற் குறிக்கப்பட்ட அதே பையன்தான் இவ்வாறு சொன்னவர். அரச விருதுப் பத்திரம் அவருடைய அமைதியைப் புகழும்போது, அது தொண்ணூற்றாறு மணி நேரம் நீடித்தது என்று கணக்கிட்டே கூறுகின்றது.

1941 யூன் 10ந் திகதி விக்டோரியாச் சிலுவை அறிவிக்கப்பட்டது. அவ்விருது இந்தியப் போர்வீரருக்கும் உரியது என்றானது 1911இலேதான். இரண்டாம் உலகப் போரிலே அதனைப் பெற்ற முதல் இந்தியர் பகத். அரசாணை பெற்ற இந்திய அதிகாரிகளுள் எக்காலத்திலும் முதல்வர் அவரே.

அந்நியனுடைய யுத்தத்திலே அந்நியன் கொடுத்த பதக்கந்தானே என்று சிலர் கேட்பர். அக்கேள்வி நியாயமானதே. அதே காலத்தில் காந்தியடிகளின் ஏவலால் தனிநபர் சத்தியாக்கிரகம் செய்து சிறை புகுந்தோர் ஆயிரக்கணக்கானோர். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. எதியோப்பியா 1936 முதல் இத்தாலியரின் அடிமை நாடாகக் கிடந்தது. 1941 மே 5ந் திகதி அதன் பேரரசர் ஹெயிலி செலாசி தமது தலைநகருக்கு மீண்டார். தன் நாடு விடுதலை பெறுவதற்கு ஆறு ஆண்டு முன்னரே, பிறநாட்டின் விடுதலைக்கு வழி துப்புரவாக்கியவர்களுள் ஒருவர் இவர் என்பதே என் கருத்து.

இவ்விடத்திலே தமிழர் ஒருவரையும் நினைத்துக்கொள்வது பொருந்தும். மதராஸ் சப்பர்ஸ் பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பெப்ரவரி 24ந் திகதி இத்தாலியிலே கண்ணி நீக்கும் வேலையில் இருந்தபோது, வெடிக்கப்போகும் கண்ணியின்மேல் தம் உடலையே போட்டுத் தோழரைக் காப்பாற்றி உயிர் நீத்தார். ஜோர்ஜ் சிலுவை அவர் மறைவின் பின் வழங்கப்பட்டது. அவர் பெயர் நமது பாடப் புத்தகங்களில் இல்லாதது பெருங்குறை.

1942 பெப்ரவரி 24ந் திகதி பகத் மோகினி பண்டாரி என்னும் மங்கையை மணந்தார். சுதந்திர இந்தியாவின் சேனையிலே படிப்படியாக உயர்ந்தார். 1962இலே சீனரோடு நேர்ந்த போரிற் பட்ட தோல்வியை ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புறூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் நியமிக்கப்பட்டனர். புதைந்து கிடப்பதைத் தோண்டிப் பார்க்கும் வேலை அவரை விட்டபாடில்லை. 1963இலே அவர்கள் கொடுத்த அறிக்கையை அரசாங்கம் பல தசாப்தங்களாக வெளியிடவில்லை. 2014இலே ஒரு பகுதி மாத்திரம் நெவில் மாக்ஸ்வெல் என்னும் பத்திரிகையாளர் மூலம் வெளிப்பட்டது.

1971இலே கோமதி ஆறு பெருக்கெடுத்து லக்னௌ நகருக்குள் புகுந்தபோது, உடைந்த கரையை அடைக்க இராணுவ எஞ்சினீயர்களை ஏவி நின்றவர் பகத். 1972இலே புதிதாக அமைந்த வடபிராந்தியச் சேனைக்கு முதல் தளபதியானார். அவ்வாண்டு டிசம்பர் 11ந் திகதி சுசேத்கரிலே, காஷ்மீரின் கட்டுப்பாட்டுக் கோட்டைக் குறித்த வரைபடங்களிலே இந்தியாவின் சார்பிற் கையொப்பமிட்டவர் அவரே.

சேனாதிபதிப் பதவி அவருக்கே வரும் என்று பலர் எதிர்பார்த்திருந்தனர். அப்போதைய சேனாதிபதி ஜெனரல் பேவூருக்கு 1974இலே சேவைக்காலம் நீட்டப்பட, பகத் ஓய்வு பெற நேர்ந்தது. இதிலே அரசியல் இருந்தது என்று சொல்வோர் அந்நாளிலும் இருந்தனர், இந்நாளிலும் உளர். அவரோ தாமோதர் பள்ளத்தாக்குக் கூட்டுத்தாபனத்தின் தலைவராகி, அணைகளையும் மின்சாரத்தையும் பார்க்கப் போய்விட்டார்; கடைசியில் தந்தையாரின் தொழிலுக்கே திரும்பினார் எனலாம். அப்பதவியில் ஓராண்டும் நிறையவில்லை. 1975 மே 23ந் திகதி, ஐம்பத்தாறாம் வயதிலே காலமானார்.

மகள் ஆஷாலி வர்மா பிற்காலத்திலே தந்தையின் வரலாற்றை நூலாக எழுதினார். அதன் பெயரிலே விக்டோரியாச் சிலுவையும் உண்டு. ஒரு காதற் கதை என்ற சொற்களும் உண்டு.