கூடு விட்டுக் கூடு – 4: ஆசிரியைக்குக் கிடைத்த ஒன்பது மாதம்

(1906-ல் பிரான்ஸின் லியோன் நகரில் மத்தியூ ஜபூலே பன்றியின் சிறுநீரகத்தையும் ஆட்டின் சிறுநீரகத்தையும் நோயாளிகளின் கையில் பொருத்திப் பார்த்தார். இரண்டுமே நிலைக்கவில்லை என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம்.)

1963 நவம்பர். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம். கப்பல்துறையில் வேலை பார்த்து வந்த 43 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. ரத்தத்தில் கழிவு ஏறிக்கொண்டே இருந்தது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு வீடு திரும்பலாம் என்ற நிலை அன்று இல்லை. நீண்டகால டயாலிசிஸுக்கு சியாட்டில் நகரில் ஸ்க்ரிப்னர் வழி கண்டதே 1960-ல்தான். அங்கும் இயந்திரங்கள் சொற்பம். யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று முடிவு செய்ய ஒரு குழுவே உட்கார வேண்டியிருந்தது.

டுலேன் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் கீத் ரீம்ட்ஸ்மாவின் முன்னால் இருந்த கேள்வி இதுதான்: மனிதச் சிறுநீரகம் கிடைக்காது, இயந்திரமும் கிடைக்காது, அதற்காக நோயாளியைச் சாக விடுவதா?

அவர் சிம்பன்ஸியைத் தேர்ந்தெடுத்தார். மனிதனுக்கு மிக நெருங்கிய இனம். ரத்த வகையையும் பொருத்திப் பார்க்க முடியும். இரண்டு சிறுநீரகங்களையும் தனித்தனியே பிரிக்காமல், பெருந்தமனி, பெருஞ்சிரையின் துண்டுகளோடு ஒன்றாக எடுத்து, நோயாளியின் இடுப்புப் பகுதி ரத்தக் குழாய்களில் தைத்தார். ரத்தம் பாய்ந்ததும் சிறுநீர் சுரக்கத் தொடங்கியது.

ஆனால் வந்தது அந்நியச் சதை என்று உடல் கண்டுகொண்டால் விடாது. அதை அடக்க அசதயோபிரின், ஸ்டீராய்டு, கதிர்வீச்சு எல்லாம் வேண்டியிருந்தது. இந்த மருந்துகள் உறுப்பைக் காக்கும். அதே வேகத்தில் கிருமிகளுக்கும் கதவைத் திறந்துவிடும். தொழிலாளி 63 நாட்கள் வாழ்ந்தார். அவர் உயிரைப் பறித்தது நிமோனியா.

ரீம்ட்ஸ்மா நிறுத்தவில்லை. மொத்தம் 13 பேருக்கு சிம்பன்ஸி சிறுநீரகம் பொருத்தினார். பெரும்பாலோர் சில வாரங்களே தாங்கினார்கள். ஒருவர் மட்டும் விதிவிலக்கு.

1964 ஜனவரி 13 அன்று அறுவை செய்துகொண்டவர், 23 வயதுப் பள்ளி ஆசிரியை. அவர் தேறினார். வீடு திரும்பினார். மீண்டும் வேலைக்கே போனார்! வகுப்பறையில் நின்ற அந்தப் பெண்ணின் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டிருந்தவை ஒரு சிம்பன்ஸியின் சிறுநீரகங்கள். ஒன்பது மாதம் கழித்து, எதிர்பாராத நேரத்தில் அவர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் சிறுநீரகங்களை உடல் நிராகரித்த அடையாளம் தென்படவில்லை. ரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலைந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகித்தார்கள்.

இந்த ஒன்பது மாதத்தைச் சாதனைக் கணக்கில் மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மீதிப் பன்னிரண்டு பேரும் வேறு வழியில்லாமல் தங்கள் உடலை ஒப்புக்கொடுத்தவர்கள். ஒவ்வொரு அறுவைக்கும் ஒரு சிம்பன்ஸி உயிர் கொடுத்தது. பின்னால் வந்த வெற்றிகளின் அஸ்திவாரத்தில் இவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

ரீம்ட்ஸ்மாவின் நோயாளிகளைப் பற்றி அறிந்து மலைத்துப்போன ஒருவர், பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில் இருந்தார். ஜாக்சன் நகர மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹார்டி. 1963 ஜூனில் உலகின் முதல் மனித நுரையீரல் மாற்று அறுவையைச் செய்தவர். அவரது அடுத்த இலக்கு இதயம். ஒருவேளை தேவைப்படலாம் என்று சிம்பன்ஸிகளையும் வாங்கி வைத்திருந்தார்.

ஆசிரியைக்கு அறுவை நடந்து பத்தே நாள். 1964 ஜனவரி 23. ஹார்டியின் மேசையில் 68 வயது நோயாளி. நினைவில்லை, ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போகிறது. அதே மருத்துவமனையில் மூளை மீள முடியாதபடி சேதமான இளைஞர் ஒருவர் வென்டிலேட்டரில் இருக்கிறார். ஆனால் அவர் இதயம் இன்னும் துடிக்கிறது. மூளைச்சாவைச் சாவாக ஏற்கும் சட்டம் அன்று இல்லை. இயந்திரத்தை நிறுத்த ஹார்டி துணியவில்லை.

உடனிருந்த மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டார். பிறகு சிம்பன்ஸியின் இதயம் எடுக்கப்பட்டது. உறவினர் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தில் ‘தகுந்த இதயம்’ என்ற பொருளில்தான் எழுதியிருந்தது. விலங்கின் இதயம் என்ற பேச்சே அதில் இல்லை!

கடைசித் தையல் முடிந்தது. இதயத்துக்குள் ரத்தம் திறந்துவிடப்பட்டது. மின் அதிர்ச்சி கொடுத்தார்கள்.

துடித்தது! மனித மார்புக்குள் முதன்முறையாக ஒரு விலங்கின் இதயம்.

ஆனால் நோயாளி பெரிய உடல்காரர். அவ்வளவு ரத்தமும் திரும்பி வந்து மோதும்போது அந்தச் சிறிய இதயம் ஈடுகொடுக்குமா? ஹார்டி கையை உள்ளே விட்டு, இதயத்தைப் பிடித்து அழுத்தத் தொடங்கினார்…

(அடுத்த வாரம்: ஹார்டியின் கையில் துடித்த இதயம் எத்தனை நேரம் தாங்கியது? மறுநாள் உலகம் அவரிடம் கேட்டது என்ன?)