வேகம் ஏறி இறங்கும் எஞ்சின்: கவர்னர் கருவியின் வரலாறு

மின்வெட்டு நேரத்தில் கடை வாசலில் ஓடும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் சில வேளைகளில் சீராக ஓடாது. உர்ர்ரென்று வேகம் ஏறும், உடனே தணியும், மறுபடி ஏறும். விளக்குகளும் கூடவே பிரகாசித்து மங்கும். பொறியாளர்கள் இதை 'ஹன்டிங்' என்பார்கள். சரியான வேகத்தைத் தேடி எஞ்சின் அலைகிறது என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் பெரிய மூளைகள் சிலவற்றை இந்தக் கோளாறு படாத பாடு படுத்தியிருக்கிறது.

எஞ்சினின் வேகத்தைக் காக்கும் கருவிக்குக் கவர்னர் என்று பெயர். (ஆளுநர் என்று மொழிபெயர்த்தால் சிரிப்புதான் வரும்!) 1788ஆம் ஆண்டு லண்டன் ஆல்பியன் மாவு ஆலையில், சுழலும் குண்டுகளால் இயங்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை மேத்யூ போல்டன் பார்த்தார். அதைப் பற்றித் தன் கூட்டாளி ஜேம்ஸ் வாட்டுக்குக் கடிதம் எழுதினார். வாட் அதே ஆண்டில் அதை நீராவி எஞ்சினில் பொருத்தினார். வேகம் கூடினால் இரண்டு குண்டுகளும் விரிந்து மேலே எழும், நெம்புகோல் நீராவி வால்வை மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வால்வு திறக்கும். அவ்வளவுதான்.

தொடக்ககால எஞ்சின்களில் இது நன்றாகவே வேலை செய்தது. பிறகுதான் வினோதம். கடைசல் எந்திரங்கள் மேம்பட்டன, மூட்டுகள் வழவழப்பாகின, எஞ்சின்கள் வேகமாக ஓடத் தொடங்கின. கருவி நேர்த்தியாக ஆக ஆக எஞ்சின் தள்ளாடியது! வானியலாளர் ஜார்ஜ் ஏரி, பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் தொலைநோக்கியைத் திருப்பும் கருவியில் இதே தள்ளாட்டத்தைக் கண்டு 1840இல் அதைக் கணக்கிட்டு எழுதினார்.

காரணம் என்ன? புதிதாக சைக்கிள் பழகுபவரைப் பாருங்கள். இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரை வெடுக்கென்று ஒடிப்பார். வண்டி திரும்பிய பிறகும் பிடியை விடமாட்டார், அதனால் வலப்பக்கம் சாய்வார். கவர்னரும் அப்படித்தான். வால்வு திறந்த மறுகணமே வேகம் ஏறிவிடுவதில்லை. அது ஏறி முடிப்பதற்குள் வால்வு தேவைக்கு மேல் திறந்திருக்கும்.

1868இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 'கவர்னர்கள் பற்றி' என்ற கட்டுரையில் இதைச் சமன்பாடுகளாக்கினார். அலைவு தானே அடங்குமா, வளர்ந்துகொண்டே போகுமா என்பதைச் சமன்பாட்டின் மூலங்களே சொல்லிவிடும் என்று காட்டினார். எளிய எந்திரங்களுக்கு மட்டுமே அவரால் விடை தர முடிந்தது. பொது விடையை 1877இல் தந்தவர் எட்வர்ட் ரௌத். 1854 கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் மேக்ஸ்வெல்லை இரண்டாமிடத்துக்குத் தள்ளி முதலிடம் பிடித்தவரும் இவரே! இதற்கிடையில், பின்னாளில் ரஷ்யாவின் நிதியமைச்சரான இவான் விஷ்னெகிராட்ஸ்கி, அலைவை அடக்க உராய்வு தேவை என்று 1876இல் நிறுவினார். தொழிலாளிகள் பாடுபட்டு ஒழித்த உராய்வுதான் அதுவரை எஞ்சினைக் காத்து வந்திருக்கிறது.

கணிதம் வந்துவிட்டதால் பட்டறைகள் திருந்திவிடவில்லை. 1882இல் நியூயார்க் பேர்ல் தெரு மின்நிலையத்தில் எடிசன் ஒரு டைனமோவை ஓட்டினார், நன்றாக ஓடியது. இரண்டாவதை அதனுடன் இணைத்ததும் விபரீதம்! ஒரு எஞ்சின் வேகமெடுத்து மற்றதை மோட்டாராகச் சுழற்றியது, பிறகு அது இதைச் சுழற்றியது. கட்டடம் அதிர, அங்கிருந்தவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். ஒரு நகரமே பார்த்துக்கொண்டிருக்க, முதலீட்டாளர்களின் பெரும்பணம் அந்தக் கட்டடத்தில் முடங்கிக் கிடந்தது. எல்லா கவர்னர்களையும் ஒரே தண்டால் பிணைத்து எடிசன் ஒருவாறு சமாளித்தார். பின்னர் வேறு எஞ்சின்களைத் தருவித்தார். செப்டம்பர் 4 அன்று நிலையம் திறக்கப்பட்டபோது ஓடியது ஒரே ஒரு டைனமோதான்.

கடை வாசல் ஜெனரேட்டரிலும் இருப்பது வாட்டின் அதே தத்துவம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு இரு துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்ற வேண்டும். எஞ்சினுக்குள் சிறு எடைகள் சுழலும், வெளியே ஒரு ஸ்பிரிங் அவற்றுக்கு எதிராக இழுக்கும், இரண்டும் சேர்ந்து கார்புரேட்டரின் திராட்டிலை அசைக்கும். இங்கே பெரும்பாலும் குற்றவாளி கவர்னர் அல்ல. மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசினாகி ஜெட்டின் நுண்துளையை அடைத்துவிடுகிறது. கலவையில் பெட்ரோல் குறைந்து வேகம் விழுகிறது, கவர்னர் திராட்டிலைத் திறக்கிறது, வேகம் எகிறுகிறது, மறுபடி மூடுகிறது. சோக்கைச் சற்று மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓட்டம் சீரானால் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். சீராகவில்லை என்றால் தேய்ந்த இணைப்புக் கம்பி, தளர்ந்த ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி வேகத்தைக் கூட்டுவது மட்டும் கூடவே கூடாது. மின்னழுத்தமும் சேர்ந்து ஏறி, முதலில் பலியாவது டிவியாகத்தான் இருக்கும்.